டெஸ்டோஸ்டிரோன் டோஸைச் சரிசெய்வது எப்படி: திருநம்பிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு சுகர் டாக்டரின் அறை. எங்கள் பக்கம் எண்டோகிரைனாலஜிஸ்டுக்கு, அதாவது ஹார்மோன் டாக்டருக்கு, அதுதான் பெயர். வெளியே காத்திருந்தவர்களில் என்னைத் தவிர எல்லோரும் சர்க்கரைக்காக வந்தவர்கள். உள்ளே போய் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 1380 என்று இருந்தது. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'அதிகம்' என்ற குறி. டோஸைப் பாதியாக வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கடைசி ஊசி என்னைக்குப் போட்டீங்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வாரமா, அதற்கும் முந்தியா? பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா சொன்னாள்: "ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் போட்டான், டாக்டர்."

அம்மா என்னைப் 'போட்டான்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வேறெதுவும் சரியாகக் காதில் விழவில்லை. ஆனால் டாக்டர் அடுத்துச் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "அப்போ இரத்தம் கொடுத்தது ஊசி போட்டு மூணாம் நாள். இது உச்சத்துல எடுத்த கணக்கு. இதை மட்டும் வச்சு எதையும் மாத்தக் கூடாது."

டோஸ் சரிசெய்வதில் பாதி வேலை அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான். ஊசித் தேதி தெரியாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் நியாயமான முடிவு எடுக்க முடியாது. 9 வருஷமாக ஊசி போட்டுக்கொள்கிறவன் என்ற முறையில், அந்தப் பாதி வேலையை நம் தம்பிமார் எப்படிச் செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இது 18 வயது நிரம்பி, டாக்டர் சீட்டோடு மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கானது. டெஸ்டோஸ்டிரோன் ஷெட்யூல் ஹெச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது. அளவை மாற்றும் முடிவு டாக்டருடையது. அந்த முடிவு சரியாக அமையத் தேவையான தகவலைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் பொறுப்பு.

முதல் படி: எந்த அளவுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயது வந்த ஆண்களின் இரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சுமாராக 300 முதல் 1000 வரை இருக்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்பது கணக்கு. ஈனாந்தேட், சிபியோனேட் என்ற டெஸ்டோஸ்டிரோன் வகைகளை ஊசியாகப் போடுகிறவர்களுக்கு, இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில் இரத்தம் எடுத்தால் 400 முதல் 700 வரை இருப்பது நல்லது என்கிறது அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல். திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் 2022-இல் தன் வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பை வெளியிட்டது. இந்திய டாக்டர்கள் 2020-இல் நம் நாட்டுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். முதல் வருஷம் சுமார் 3 மாதத்துக்கு ஒரு முறை சோதனை, அளவு நிலைத்த பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ என்பதுதான் வழக்கமான நடைமுறை.

எல்லோருக்கும் இலக்கு ஒன்றே என்று சொல்லவில்லை. குரல் கொஞ்சம் இறங்கினால் போதும் என்கிறவர்களும் உண்டு, மாற்றம் மெதுவாக வரட்டும், வீட்டில் பேசிக்கொள்ள நேரம் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் குறைந்த டோஸே சரி. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 600-இல் இருக்கிறவனை விட 950-இல் இருக்கிறவனுக்குத் தாடி சீக்கிரம் வரும் என்று நம்ப நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆண்களின் அளவுக்குள் வந்தபிறகு நேரம்தான் வேலை செய்யும். குரல் சில மாதங்களில் உடையத் தொடங்கி, முழுதாக இறங்க 1 முதல் 2 வருஷம் ஆகும். தாடி முழுதாக வர 4, 5 வருஷம்கூட ஆகும். டோஸைக் கூட்டினால் சீக்கிரம் ஏறப்போவது இரத்தத்தின் தடிப்புதான். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

இரண்டாம் படி: உங்கள் மருந்து உடம்பில் எப்படி நடக்கிறது?

நம் ஊரில் பெரும்பாலானோர் போடுவது சஸ்டனான் 250. ஒரு மில்லியில் நான்கு வகை டெஸ்டோஸ்டிரோன் சேர்ந்திருக்கும்: புரோப்பியோனேட் 30, ஃபினைல்புரோப்பியோனேட் 60, ஐசோகாப்ரோயேட் 60, டெக்கனோயேட் 100 மில்லிகிராம். முதலாவது வேகமாக இறங்கும், கடைசி மெதுவாக. ஆகவே போட்டு 1 அல்லது 2 நாளில் உச்சம் தொடும். சுமார் 21 நாளில் ஆண்களின் அளவின் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இது கடலை எண்ணெயில் கரைத்த மருந்து. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் ஊசிக்கு முன்னாலேயே அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ஈனாந்தேட் தனியாகவும் கிடைக்கிறது. அது ஏறக்குறைய 4, 5 நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். 14-ஆம் நாள் பார்த்தால் போட்டதில் எட்டில் ஒரு பங்குதான் மீதி இருக்கும். வழிகாட்டுதல்களில் இதற்கு வாரம் 50 முதல் 100 மில்லிகிராம், அல்லது இரண்டு வாரத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம் என்று இருக்கும். வாராந்திர ஊசியைத் தசையில் போடாமல் தோலுக்கடியிலும் போடலாம்.

அன்டெக்கனோயேட் பெரிய ஊசி. 1000 மில்லிகிராம், 4 மில்லி, ஆமணக்கெண்ணெயில் கரைத்தது. முதல் ஊசிக்கு 6 வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. இதில் டோஸை மாற்றுவதில்லை, இடைவெளியைத்தான் மாற்றுவார்கள். ஆஸ்பத்திரியில் மட்டுமே போட வேண்டும்; இரண்டு நிமிஷமாவது எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். போட்டவுடன் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்பதால், அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஜெல் தினமும் தடவுவது. அளவு சில நாளிலேயே நிலைத்துவிடும், மேடு பள்ளம் குறைவு. ஆனால் தடவிய இடம் குழந்தைகள் மேலோ பெண்கள் மேலோ பட்டால் மருந்து அவர்களுக்குப் போய்விடும். அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற கை அது. தடவியதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், காயவிடுங்கள், மேலே சட்டை போடுங்கள். தடவிய கையோடு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகவும் கூடாது. குளித்துவிட்டு வந்து தடவுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நோட்டு

போனில் செயலி வைத்துக்கொள்வதும் நல்லதுதான். எனக்கு ஒத்துவந்தது 40 பக்க நோட்டு. என் பக்கம் ஒன்று இப்படி இருக்கும்:

"நாள் 0, காலை 8 மணி, 0.4 மில்லி, வலது தொடை. நாள் 2: முகத்தில் எண்ணெய் வழிகிறது, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நாள் 5: நன்றாக இருக்கிறேன். நாள் 9: மதியம் அசதி, காரணமில்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். நாள் 10: ஊசி, இடது தொடை."

இவ்வளவுதான். தேதி, எத்தனை மில்லி, எந்தப் பக்கம். அப்புறம் உடம்பும் மனசும் எப்படி இருந்தன என்று ஒரு வரி. மாதவிலக்கு வந்தால் அதையும் எழுதுங்கள். இரண்டு சொட்டு என்றாலும் எழுதுங்கள். மாதம் ஒரு முறை பிரஷர். இப்படி மூன்று ஊசிக்கு எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். அசதியும் கோபமும் எப்போதும் ஊசிக்கு முந்தின இரண்டு நாளில்தான் வருகின்றன என்றால் மருந்து அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது என்று பொருள். பதற்றமும் பருவும் தூக்கமின்மையும் ஊசிக்கு அடுத்த நாள்களில் வந்தால் உச்சம் அதிகம். எல்லா நாளும் ஒரே மாதிரி மனச்சோர்வு என்றால் காரணம் டோஸாக இல்லாமலும் இருக்கலாம். அதை டோஸைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மனநல டாக்டரிடம் பேசுங்கள்.

நான்காம் படி: இரத்தம் எப்போது கொடுப்பது?

சஸ்டனானுக்கும் ஈனாந்தேட்டுக்கும் இரண்டு நாள் முக்கியம்: இரண்டு ஊசிக்கு நடுநாள், அடுத்த ஊசி போடும் நாள் காலை. ஒரு தடவை எடுக்கத்தான் வசதி இருக்கிறதென்றால் நடுநாளில் எடுங்கள். ஊசிக்கு முந்தி உடம்பு தளர்கிறதே என்ற சந்தேகம் இருந்தால் ஊசி நாள் காலையில், ஊசிக்கு முன்னால் எடுங்கள். அன்டெக்கனோயேட்டுக்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு. ஜெல்லுக்கு, ஒரு வாரமாவது விடாமல் தடவிய பிறகு, அன்றைக்குத் தடவி 2 மணி நேரமாவது கழித்து. எந்த நாளில் எடுத்தாலும் ரிப்போர்ட்டின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்: 'ஊசிக்குப் பின் 5-ஆம் நாள்' என்று. இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மருந்தோ டோஸோ மாறிய மறுவாரமே சோதிக்க வேண்டாம். புதிய அளவு உடம்பில் நிலைக்க 4, 5 வாரம் வேண்டும். ஆகவே வாராந்திர ஊசிக்கு 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம் பயோட்டின். தாடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடாத திருநம்பியை நான் பார்த்ததில்லை. அது தாடியை வளர்க்கிறதோ இல்லையோ, பல லேப்களின் சோதனை முறையில் குறுக்கே நின்று டெஸ்டோஸ்டிரோனை உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பொய்யான உயரத்தைப் பார்த்து டோஸைக் குறைத்துவிடுவார்கள். இரத்தம் கொடுப்பதற்கு 3 நாள் முன்பே நிறுத்துங்கள். சாப்பிடுவதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வள்ளியூரிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ சித்திரை வெயிலில் பஸ் ஏறி, வெறும் வயிறும் வறண்ட நாக்குமாக வந்து இரத்தம் கொடுத்தால், இரத்தம் தடித்துத்தான் தெரியும். கொழுப்புச் சோதனைக்காகச் சாப்பிடாமல் வரச் சொன்னாலும் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம்.

ஒரே லேப்பில் எடுங்கள். சோதனை முறைக்கு முறை எண் மாறும். எங்கள் ஊரில் பல சிறிய லேப்கள் இரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்புகின்றன; எங்கே போகிறது என்று கேட்டுவைத்துக்கொண்டால் அடுத்த தடவையும் அங்கேயே அனுப்பச் சொல்லலாம்.

எடுக்க வேண்டியவை: மொத்த டெஸ்டோஸ்டிரோன், முழு இரத்த எண்ணிக்கை, கொழுப்பு, கல்லீரல், சர்க்கரை. வேறு ஏதாவது வேண்டுமென்றால் டாக்டர் எழுதுவார்.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது அலகு. சில லேப்கள் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று போடும், சில மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று. 5.2 என்று பார்த்துவிட்டு மருந்து வேலையே செய்யவில்லை என்று ஒரு தம்பி எனக்கு அழுகையோடு போன் செய்தான். அது மில்லிலிட்டர் கணக்கு. 100-ஆல் பெருக்கினால் 520. நல்ல அளவு. வெளிநாட்டுத் தகவல்களில் நானோமோல் கணக்கு வரும்; அதை 28.8-ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவு. லேப் கவுன்டரில் ஆதாரைப் பார்த்து 'பெண்' என்று பதிந்தால், ரிப்போர்ட் பெண்களின் அளவோடுதான் ஒப்பிடும். ஹீமோகுளோபின் 15.8 இருந்தால் 'அதிகம்' என்று குறி விழும். ஆண்களுக்கு அது சாதாரண அளவு. சில மாதம் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவரின் ஹீமோகுளோபினையும், சிவப்பணுக்களின் சதவீதத்தைச் சொல்லும் பிசிவி-யையும் ஆண்களின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். கிரியேட்டினினும் தசை கூடுவதால் கொஞ்சம் ஏறும். குறி விழுந்திருக்கிறதே என்று பயந்து ஊசியை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறியைப் போட்டது கம்ப்யூட்டர். எண்ணைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறாம் படி: என்ன மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டோஸையும் இடைவெளியையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நடுநாளில் எடுத்தது 400-க்குக் கீழே, மாதவிலக்கும் நிற்கவில்லை, மாற்றமும் இல்லை என்றால் டோஸ் போதவில்லை. வார டோஸில் 10 முதல் 25 மில்லிகிராம் மாதிரி சிறு படியாகக் கூட்டுவார்கள்.

நடுநாளில் நன்றாக இருக்கிறது, ஊசி நாள் காலையில் மட்டும் 200-க்குப் பக்கத்தில் விழுந்துகிடக்கிறது என்றால் மருந்தின் அளவு போதும், இடைவெளிதான் நீளம். நம்மில் பலருக்கு நடப்பது இதுதான். டோஸைக் கூட்டினால் உச்சம் இன்னும் ஏறும், பள்ளம் கொஞ்சம்தான் நிரம்பும். பாபநாசம் அணையில் மொத்தமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரையை அடித்துக்கொண்டு கடலுக்குப் போகும். வாய்க்காலில் அளவாக விட்டுக்கொண்டே இருந்தால்தான் கடைமடை வயல் நனையும். அதே மருந்தைச் சிறிதாகப் பிரித்து அடிக்கடி போடுவது இந்தக் கணக்குதான்.

என் கதையைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு நண்பன் போட்ட அளவையே நானும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்: 250 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வருஷம் யாரிடமும் இரத்தம் காட்டவில்லை. தவறு முழுக்க என்னுடையது. முதலில் சொன்ன அந்த ரிப்போர்ட்டில் 1380 உச்சக் கணக்கு என்பது சரி, ஆனால் பிசிவி 53.8 இருந்தது. அது நாளைப் பொறுத்து ஏறி இறங்குகிற எண் இல்லை. டாக்டர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முதலில் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றினார். மூன்றாவது வாரம் நான் துவண்டுபோனேன். ஊசி நாள் காலையில் எடுத்தால் 240. பிறகு 10 நாளுக்கு ஒரு முறை 100 மில்லிகிராம். நடுநாளில் 560 வந்தது. நான்கு மாதத்தில் பிசிவி 48-க்கு இறங்கியது. கூட்டிப் பாருங்கள்: வாரத்துக்கு 125 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தவன் 70-க்கு வந்துவிட்டேன். தாடி நிற்கவில்லை, குரல் ஏறவில்லை. மத்தியான அசதி மட்டும் போனது.

இது என் உடம்பின் கணக்கு. இதை எடுத்து உங்கள் உடம்பில் போடாதீர்கள். நண்பனின் கணக்கை எடுத்துப் போட்டதால் வந்த வினையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

நடுநாளிலேயே 900, 1000 தாண்டினால், உடம்பு எவ்வளவு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், குறைக்க வேண்டியதுதான்.

அளவு சரி, 6 மாதம் ஆகியும் மாதவிலக்கு நிற்கவில்லை என்றால், அதற்காக டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிக்கொண்டே போகத் தேவையில்லை. நிறுத்துவதற்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். நின்று மாதக்கணக்கான பிறகு திடீரென்று இரத்தம் பட்டால், ஊசி தவறியதா என்று முதலில் நோட்டில் பாருங்கள். தவறவில்லையென்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது: மாதவிலக்கு நின்றாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு அது கெடுதல்.

பிசிவி: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

பிசிவி, சில தாள்களில் ஹீமட்டோக்ரிட், இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுவைக் கூட்டும். அளவு மீறினால் இரத்தம் தடித்து, கட்டி அடைக்கும் ஆபத்து உண்டு. 50 தாண்டினால் கவனிக்க ஆரம்பிக்க வேண்டும். 54 தாண்டினால் அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். நிறுத்தி வைக்கவோ குறைக்கவோ சொல்வார்.

டோஸில் கை வைப்பதற்கு முன் வேறு காரணங்களையும் டாக்டர் கேட்பார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப எடுத்தால் இறங்குகிறதா? பீடி, சிகரெட் உண்டா? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள், 10 வயதிலேயே வாசம் பழகிவிடுகிறது. புகை தனியாகவே பிசிவி-யை ஏற்றும். அதோடு டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுமை. பலமாகக் குறட்டை விட்டு நடுராத்திரியில் மூச்சடைத்து எழுகிறீர்களா? அதுவும் ஏற்றும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் டோஸைக் குறைப்பது, சிறிதாகப் பிரிப்பது, ஜெல்லுக்கு மாறுவது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே பிசிவி இறங்க மாதங்கள் பிடிக்கும், ஒரு மாதத்தில் இறங்கவில்லையே என்று பதற வேண்டாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, திடீரென்று வரும் தாங்க முடியாத தலைவலி: இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை அங்கே மறைக்காதீர்கள்.

ஏழாம் படி: சிரிஞ்சில் எத்தனை கோடு

சீட்டில் மில்லிகிராம் இருக்கும், சிரிஞ்சில் மில்லிலிட்டர் இருக்கும். 250 மில்லிகிராம் ஆம்பூலில் 0.1 மில்லி என்றால் 25 மில்லிகிராம், 0.2 என்றால் 50, 0.4 என்றால் 100, 0.5 என்றால் 125. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். நம் நாட்டில் இரண்டு வகை உண்டு. ஒரு மில்லிக்கு 40 யூனிட் போட்டது ஒன்று, 100 யூனிட் போட்டது ஒன்று. '10 வரை இழு' என்று ஒருவர் சொல்லி, நீங்கள் கையில் வைத்திருப்பது 40 யூனிட் சிரிஞ்சாக இருந்தால் 0.25 மில்லி, அதாவது 62.5 மில்லிகிராம் ஏறிவிடும். 100 யூனிட் சிரிஞ்சில் அதே 10, வெறும் 25 மில்லிகிராம். இரண்டரை மடங்கு வித்தியாசம், பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மருந்துக்கடை அண்ணாச்சியிடம் மில்லிக் கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்ச் என்று கேட்டு வாங்குங்கள்.

டோஸைப் பிரித்தால் ஆம்பூலில் மிச்சம் நிற்கும். கண்ணாடியை உடைத்தபின் மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த வாரம் போடக்கூடாது. கிருமி சேர்ந்து சீழ் பிடித்தால் அதற்கு ஆகும் செலவு ஆம்பூல் விலையைப் போல எத்தனையோ மடங்கு. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டுவது வயிறெரியும்தான். சிறிய ஆம்பூல் கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லையென்றால் வீணாகாத இடைவெளிக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி தவறினால் நினைவு வந்ததும் வழக்கமான அளவைப் போட்டுவிட்டு, அங்கிருந்து புதிதாக நாளை எண்ணுங்கள். தவறியதற்கும் சேர்த்து இரட்டையாகப் போடவே கூடாது. பல வாரம் தவறியிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

டோஸால் தீராதவை

அளவு சரியாக இருந்தும் தாடி வரவில்லை என்றால் அப்பாவையும் தாய்மாமனையும் பாருங்கள். வம்சத்தில் எப்படியோ அப்படித்தான். தலைமுடி கொட்டுவதும் அதே வழிதான். பரு முதல் வருஷம் வந்து பிறகு அடங்கும், அடங்கவில்லையென்றால் தோல் டாக்டர். ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுக்கிறவனுக்கே தெரியாது. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் மாதிரி மாத்திரைகள் கல்லீரலைக் கெடுக்கும்.

ஊரில் ஹார்மோன் டாக்டர் கிடைக்கவில்லை, கிடைத்தவர் முகம் சுளிக்கிறார் என்றால் மதுரைக்குப் போக யோசிக்காதீர்கள். அங்கே அரசு இராஜாஜி மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே பிரிவு இருக்கிறது. டோஸ் நிலைத்துவிட்டால் வருஷத்துக்கு இரண்டு தடவை போனால் போதும். ஊசியை ஊரிலேயே ஒரு நர்ஸ் அக்காவிடம் போட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு: இனி எல்லாம் முடிந்தது என்று ஊசியை விட்டுவிடாதீர்கள். உடம்பில் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டு ஹார்மோனும் இல்லாமல் போனால் எலும்பு தேய ஆரம்பிக்கும். டோஸ் கொஞ்சம் மாறலாம், ஆனால் தொடர வேண்டும். எடுத்த சில மாதத்தில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். கர்ப்பப்பை வாய் இன்னும் இருக்கிறவர்கள் அதற்கான புற்றுநோய்ச் சோதனையையும் விடக்கூடாது. மகளிர் பிரிவு வரிசையில் தாடியோடு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் போனபோது முன்கூட்டியே போன் செய்து, கடைசி ஆளாக வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அம்மா கூட வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.